ராப்பிடான் ஆற்று மணல்திட்டு

இந்த ஊர்த் தண்ணீரில் தேநீர் சரியாக வருவதில்லை. எத்தனையோ வருடமாகப் பார்த்துவிட்டேன். சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. பாஸ்டனிலிருந்து ரயிலில் வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும்.

உங்கள் அண்ணன் கார்மக் டெவனி எப்படிச் செத்தான் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். எதிர்க்கரையிலிருந்து வந்த குண்டு என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. விட்டுப்போனது கொஞ்சம் உண்டு.

நாங்கள் படையில் ஒரே கம்பெனி, நான் சார்ஜென்ட். தொண்ணூறு பேரும் அயர்லாந்தில் பிறந்து, பஞ்சத்தில் கப்பலேறியவர்கள். அமெரிக்காக்காரன் வடக்கு தெற்கு என்று வெட்டிக்கொண்டதில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆளுக்கொரு காரணம் இருந்தது. தெற்கிலிருந்து பஞ்சு வராமல் ஆலையை மூடிவிட்டார்கள், அதனால் கார்மக் வந்தான். ‘ஐரிஷ்காரன் வேண்டாம்’ என்று கதவில் எழுதி வைத்த முதலாளி முன்னால் சீருடையோடு போய் நிற்க வேண்டும் என்பதற்காக பார்ட்டி ஹெஷன் வந்தான். அடிமைகளை விடுவிக்க வந்தேன் என்று சொன்னவன் எங்களில் ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும்.

என் காரணம் வேறு. குத்தகை கட்டவில்லை என்று எங்கள் கூரையைப் பிரித்து, என் அப்பாவை மழையில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வேலியோரமாகச் செத்துக் கிடந்தார். வாயில் புல் இருந்தது. இந்தச் சண்டையில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டு, நம் ஆட்களை அப்படியே ஒரு படையாக அயர்லாந்துக்குக் கொண்டுபோய் ஆங்கிலேயனை விரட்டுவது, இதுதான் என் கணக்கு. அதற்குப் படை கலையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது குளிர்காலத்தில் எங்கள் ஒப்பந்தக் காலம் முடிய இருந்தது. முக்கால்வாசிப் பேர் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி நிற்கும், அயர்லாந்தின் பச்சைக் கொடியும் எங்களிடம் இருக்கும். மிச்சமிருந்த முப்பத்தொரு பேரில் பதினாறு பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களைக் கலைத்தது உங்கள் அண்ணன். அவன் யாரையும் தூண்டிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அடுப்பருகே உட்கார்ந்து சும்மா பேசுவான். அவன் பேசினால் கேட்கத் தோன்றும்.

என்னிடமும் பேசினான். “இது இவனுங்க சண்டை, ஃபெஸ்டஸ். முடிஞ்சதும் நம்மள அயர்லாந்துக்கு அனுப்பி வைப்பானுங்கன்னு நெனைக்கிறியா? மண்ணுக்குள்ளதான் அனுப்புவானுங்க.”

“கொடி போயிடும்டா,” என்றேன்.

“போகட்டும், துணிதானே. பாஸ்டன்ல என் தங்கச்சி தனியா இருக்கா. நான் அவகிட்ட போறேன்.”

நல்ல அண்ணன். அதை நான் மறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கும் தெற்குப் படைக்கும் நடுவில் ராப்பிடான் ஆறுதான். காவல் நிற்பவர்கள் ஒருவரையொருவர் சுடுவதில்லை என்று வாய்ப்பேச்சாக ஒரு ஏற்பாடு இருந்தது. அவர்களிடம் புகையிலை, எங்களிடம் காபி. ஆற்று நடுவில் ஒரு மணல்திட்டு. கார்மக் அங்கே போய் மாற்றிக்கொண்டு வருவான். எதிரே வருகிறவன் லக்லின் என்று அயர்லாந்தில் லீட்ரிம் பக்கத்துக்காரன் ஒருவன். அவனும் நம்மவன்தான், கப்பல் தெற்குத் துறைமுகத்தில் இறக்கிவிட்டதால் அந்தப் பக்கத்துச் சீருடை. இரண்டு பேரும் நம் பாஷையில் பேசிக்கொள்வார்கள்.

ஒரு காலை, மூடுபனி விலகியதும், நான் கரைப் புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். கார்மக் காபிப் பையை நீட்டினான். லக்லின் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நான் லக்லினைச் சுட்டேன்.

உங்கள் அண்ணனை நான் சுடவில்லை அம்மா. எதிரிச் சீருடை போட்டவனைச் சுட்டேன். படைவீரனுக்கு இட்ட வேலை அது. எதிர்க்கரையில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியுமா என்றால், தெரியும். கார்மக் ஓடி வந்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவன் மண்டியிட்டு லக்லினை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். எங்கள் பக்கம் திரும்பி, “சுடாதீங்கடா, இவன் நம்மாளு,” என்றான். அதற்குள் அந்தக் கரையிலிருந்து மூன்று குண்டு வந்துவிட்டது.

பார்ட்டி ஓடி வந்தான். “மொத வெடி எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

“அந்தப் பக்கம்,” என்றேன்.

ஆற்றைப் பார்த்துக் காறித் துப்பினான். “எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு,” என்றான். அன்று சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். ஒருவன்கூட மறுக்கவில்லை. நான் யாரையும் வற்புறுத்தவில்லை.

மே மாதம் காட்டுக்குள் சண்டை. சருகு தீப்பிடித்தது. காலில் அடிபட்டவர்கள் கிடந்த இடத்திலேயே எரிந்தார்கள். பார்ட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நெருப்பு வேகமாக வந்துகொண்டிருந்தது, நான் கம்பெனியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ஜூன் முடிவதற்குள் நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சினோம். கொடியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அயர்லாந்துக்குப் போனாயா என்று உங்கள் முகம் கேட்கிறது. சண்டை முடிந்த மறுவருடம் அயர்லாந்து விடுதலைக்கான நம் இயக்கத்து ஆட்கள் இந்த வீட்டு வாசலுக்கே வந்தார்கள். கனடாவும் ஆங்கிலேயன் கையில்தானே இருக்கிறது, எல்லையைத் தாண்டி அங்கே அவனை அடிக்கப் போகிறோம், சார்ஜென்ட் நீ வேண்டும் என்றார்கள். அந்த வாரம் எனக்கு முழங்கால் வலி. போலீஸில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன், கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. அதெல்லாம் பெரிய காரணமில்லை. கார்மக், பார்ட்டி மாதிரி பழகிய ஆட்கள் பத்துப் பேர் பக்கத்தில் இருந்திருந்தால் யோசிக்காமல் கிளம்பியிருப்பேன். தனியாளாகப் போய் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.