கன்னத்தில் ஒரு கீறல்

காலையில் காலாப்பட்டிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவள் கைக்குட்டையில் துளி பேஸ்ட்டை வைத்து செல்போன் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, போனுக்குப் பல்லு வெளக்கி வுடுறீங்க?”

“கீறல் போவுமான்னு பாக்குறேன். வீடியோ கால்ல அவரு கன்னத்துமேலயே வந்து நிக்குது.”

“நெல்லித்தோப்பு கடையில குடுத்து கண்ணாடிய மாத்திடுங்களேன்.”

“போன வச்சிட்டுப் போவச் சொல்றான். அவர பாக்காம பாப்பா தூங்க மாட்டாடி. இவ வயித்துல இருக்கும்போது துபாய் போனவரு. போன்லதான் அவளுக்கு அப்பா.”

“எப்ப வராராம்?”

“வர்றேன் வர்றேங்கிறாரு.” தேய்த்தபடியே சொன்னாள். “இந்தக் கோட்டப் பாத்துட்டு, அப்பாவுக்குக் காயம்னு பாப்பா தெனமும் ஊதி வுடுறா. வலிக்குதாப்பான்னு கேக்குறா.”

“அண்ணன் சிரிப்பாரே.”

“அங்க அவருக்குக் கீறல் தெரியாதில்ல. மொதல்ல முழிச்சாரு. நான் வெவரம் சொன்னதுலேர்ந்து, ஆமாம் கண்ணு, வலிக்குது, இன்னும் ஊதுன்னு கன்னத்தக் கிட்ட கொண்டாந்து காட்டுறாரு.”

சின்னவள் எட்டி அந்தத் திரையைப் பார்த்தாள்.

“அப்ப அது இருந்துட்டுப் போவட்டுமேக்கா. ஏன் தேய்க்கிறீங்க?”

மூத்தவள் திரையை முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கீறல் அப்படியேதான் இருந்தது.

“பாப்பா தூங்குனப்பறம் நானும் அவர பாக்குறேனில்லடி,” என்றாள்.