ஜாய்சியின் கண்

— ரத்தத்துல அந்த அளவு பாதியாக் கொறஞ்சிட்டாம் ஜாய்சி யக்கா. டாக்டரம்மாவே சிரிச்சிட்டாவ.

— அதான் தெருவுக்கே தெரியுமே பவுலின். அம்மா மெழுகுவர்த்தியத் தூக்கிட்டு மாதா கோயிலுக்கு ஓடிட்டா. நான் ஏலக்கூடத்துலருந்து மீன்பெட்டி சுமந்துட்டு வாரேன், ஒரு வாய்த் தண்ணி தர ஆளில்ல, கேட்டியா.

— நான் தாரேன், இரு.

— நீ எந்திரிக்காத தாயே. விழுந்து வச்சன்னா அதுக்கும் என்னத்தான் ஏசுவா. அப்படி என்னத்தத்தான் ஒன் ரத்தத்துல பாக்காவ?

— நோயத் தடுக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆளு தெரியாம என் தசையவே தாக்குதாம். அது ரத்தத்துல எம்புட்டு இருக்குன்னு பாக்காவ. அதனாலதான் எனக்கு இமை தொங்குது, சோறு தொண்டையில நிக்கி.

— அதுக்குத்தான் அம்மா மகராணிக்கு மீன்ல முள்ளு எடுத்து, சோத்தோட பெசஞ்சு ஊட்டுதா. எனக்கு என்னைக்காச்சும் ஒரு முள்ளு எடுத்துத் தந்திருக்காளா? வயிறு எரியுதுட்டி. சொல்லுததுக்கு என்ன.

— அந்த ஒத்தக் கண்ணச் சுருக்கிப் பாக்காத யக்கா. பயமா இருக்கு.

— நேத்து அம்மா ஒனக்கு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டாளே. என் கண்ணு பட்டுட்டுன்னுதானே?

— ஆமா. நீ கொஞ்ச நாளாவே என்னை இப்படித்தான் பாக்க.

— நான் சுருக்கல. பொழுது சாஞ்சா இமை தானா இறங்குது.

— மாதாவே. காலையில?

— காலையில சரியாத்தான் இருக்கு.

— எப்பலருந்து?

— நீ நோவுல படுக்கதுக்கு முந்தியே. இப்ப போயிச் சொன்னா, ஒன்னப் பாத்து நடிக்கேன்னுவாவ. கேட்டியா.

— சோறு எறங்குதா?

— என்னத்த சோறு. கஞ்சியாக் குடிச்சிட்டுப் போயிருதேன்.

— பெட்டியில ஐஸ் மிச்சம் இருக்கா? ஒரு துண்டத் துணியில சுத்திக் குடு. கண்ண மூடு. ஆஸ்பத்திரியில மொதல்ல எனக்கு இப்படித்தான் வச்சுப் பாத்தாவ.

— குளுருதுட்டி.

— பேசாம இரு, கொஞ்ச நேரம் ஆவும்... இப்ப எடுக்கேன். பைய தொற.

— என்ன, ஏன் அழுத?

— முழுசாத் தொறந்துட்டு யக்கா. அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் தொறந்துச்சு, அத வச்சுத்தான் இந்த நோவா இருக்கும்னு சொன்னாவ. நாளைக்கே திருநவேலிக்குப் போயி நீயும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும்.

— எனக்கு ஒன்னைவிடக் கூடுதலாத்தான் இருக்கும், பாத்துக்கிடு.

— அளவ வச்சு யாரு நோவு பெருசுன்னு சொல்லக்கூடாதாம். அங்கன அம்மா வாரா. நான் சொல்லட்டா?

— சொல்லு. சொல்லிட்டு, ராத்திரி எனக்கும் முள்ளு எடுத்துத் தருவாளான்னு கேளு.