ஒரு பக்கம் ரெண்டு கதவு

அட, பக்கத்துலயா நிக்கறீங்க? மன்னிக்கணும் சார், கவனிக்கல. நேரா வந்திருந்தா எழுந்து வணக்கம் சொல்லியிருப்பேன். ஆமா சார், அந்த எலுமிச்சம்பழ கலர் வண்டி எங்களோடதுதான். டெஸ்டுக்கு வந்திருக்கோம். லைசென்ஸ் எனக்கில்ல, எங்க டாக்டருக்கு. நீங்கதானே இன்னிக்கி இன்ஸ்பெக்டரு? டாக்டர் கை கழுவப் போயிருக்காரு. பதட்டம் வந்தா அவருக்குக் கை கழுவணும். அதுவும் ஆபரேஷனுக்குக் கழுவற மாதிரி, முழங்கை வரைக்கும். இதோ வந்துடுவாரு, அடுத்த ஆளக் கூப்பிட்டுடாதீங்க. இது மூணாவது தடவ சார். இதுலயும் போச்சுன்னா வண்டிய வித்துடறேன்னுட்டாரு. சொன்னா செய்ற ஆளு.

நானா? நான் அவரோட டிரைவர். சிரிக்காதீங்க. டிரைவர் வெச்சிருக்கறவருக்கு லைசென்ஸ் எதுக்குன்னு போன தடவ வந்த இன்ஸ்பெக்டரும் கேட்டாரு. அதுக்குப் பதில் சொல்லணும்னா வண்டியிலேருந்து ஆரம்பிக்கணும். சொல்லட்டுமா? அவரு ரெண்டாவது கைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கண் டாக்டராம். ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் பாத்தவரு, தான் வாங்கற வண்டிய மட்டும் ஒரு பக்கம்தான் பாத்தாராம்.

நிஜமாத்தான் சார். முன்னாடி எங்ககிட்ட ஒரு கறுப்பு வண்டி இருந்துச்சு. பின் சீட்டு கட்டில் மாதிரி. என் முதுகுக்குப் பின்னாடிதான் அவரு இடம். நான் கதவத் திறப்பேன், அவரு ஏறுவாரு, நான் சாத்துவேன். எங்களுக்குள்ள பேச்சுன்னா அந்தக் கதவுச் சத்தம்தான். அந்தக் கறுப்பு வண்டி உயிர விட்டதும், ஒரு நோயாளி போயி அடுத்த நோயாளி வர்ற இடைவெளியில போன்ல ஒரு போட்டோ பாத்து இத வாங்கிட்டாரு. போட்டோ எடுத்தவன் டிரைவர் சீட்டுக்கு எதிர்ப் பக்கமா நின்னு எடுத்திருக்கான். அதுல ரெண்டு கதவு. இந்தப் பக்கம் ரெண்டுன்னா அந்தப் பக்கமும் ரெண்டுன்னு டாக்டர் நெனச்சிட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. இந்தப் பக்கம் ஒரு காதுன்னா அந்தப் பக்கமும் ஒரு காது இருக்கும்னுதானே சார் நாம நம்பறோம்?

வண்டி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. நான் பழக்க தோஷத்துல, பாக்காமலே, என் சீட்டுக்குப் பின்னாடி கைய நீட்டிக் கதவத் திறக்கறேன். கைப்பிடி அகப்படல. மேல தடவறேன், கீழ தடவறேன். பாக்கறவங்களுக்கு மாட்டத் தட்டிக் குடுக்கற மாதிரி இருந்திருக்கும். டாக்டர் பையோட பின்னாடி நிக்கறாரு.

என்னய்யா?

கதவு இல்லீங்க ஐயா.

கதவு இல்லாம எப்படிய்யா இருக்கும், நல்லாப் பாரு.

இந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்குங்க. அந்தப் பக்கம் ரெண்டு இருக்கு.

அவரு மெதுவா ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மறுபடி ஒரு சுத்து. நர்ஸம்மாங்க எல்லாம் படியில நின்னு வாயப் பொத்திட்டு நிக்கறாங்க. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வாங்கினேன்னாரு டாக்டர். குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டல!

எனக்கு மானம் போச்சு சார். ஸ்போர்ட்ஸ் கூபேன்னு சொல்றாங்க, ரேஸ் வண்டி மாதிரி தாழ்வா இருக்கும். உள்ள இறங்கினா கிணத்துல இறங்கற மாதிரி, வெளிய வந்தா கிணத்துலேருந்து ஏறற மாதிரி. ஸ்டார்ட் பண்ணினா உறுமும். மத்த டிரைவருங்க சும்மா விடுவானுங்களா? அண்ணே, நாலாவது கதவ அடகு வெச்சிட்டீங்களான்னு ஒருத்தன். இல்லடா, அது இன்னும் வளரும், இப்பதான் மூணு முளைச்சிருக்குன்னு இன்னொருத்தன். நான் என்ன பண்ணுவேன்னா, ஒத்தக் கதவு இருக்கற பக்கத்தச் சுவத்தோட ஒட்டி நிறுத்திடுவேன். அப்புறம் நானே இறங்க முடியாம அடுத்த சீட்டத் தாண்டித் தவழ்ந்து வருவேன்.

டாக்டரும் முதல்ல விடாப்பிடியா பின்னாடிதான் உக்காந்தாரு. கூரை தாழ்வு. கீழ விழுந்த ஊசியத் தேடற மாதிரி கழுத்த மடக்கிட்டே வருவாரு. வேகத்தடை வந்தா ணங்குன்னு ஒரு சத்தம். மன்னிச்சிடுங்க ஐயாம்பேன். பரவால்லம்பாரு. அடுத்த தடையில மறுபடி ணங்கு. ஒருநாள் காலையில அவராவே முன் கதவத் திறந்து என் பக்கத்துல உக்காந்துட்டாரு.

சார், நான் சாவியத் திருகவே மறந்துட்டேன். இத்தன வருஷமா மேல இருக்கற கண்ணாடியில அவரோட நெத்தியையும் கண்ணையும்தான் பாத்திருக்கேன். மூக்குக்குக் கீழயும் அவருக்கு முகம் இருக்குங்கறதே அன்னிக்கித்தான் உறைச்சுது. அந்த முகம் என்ன பண்ணுதுன்னா, முணுமுணுன்னு பாடுது. சுதியாவது, தாளமாவது! நான் சிரிப்ப அடக்கறேன். அதவிட, அவரு கால் இருக்கே சார், நான் பிரேக் போடறப்பல்லாம் அதுவும் தரைய மிதிக்குது. இல்லாத பிரேக்க! நான் இல்லாத கதவத் தேடினேன், அவரு இல்லாத பிரேக்க மிதிக்கறாரு. நல்ல ஜோடி.

அப்புறம் ஒருநாள் ஏரிக்கரை வளைவுல போறோம். நான் எப்பவும் போல எண்ணெய்க் கிண்ணத்தத் தலையில வெச்சிருக்கற மாதிரி ஓட்டறேன். ஏன்யா, இவ்வளவு உறுமுதே, இது நத்தையா புலியான்னாரு. புலிதாங்க ஐயா, நான்தான் நத்தைன்னேன். அப்ப அத அவுத்து விடேன்யான்னாரு. மிதிச்சேன் சார். சுவத்துல பல்லி ஓடுமே, அந்த மாதிரி ரோட்டப் பிடிச்சிட்டு வளைஞ்சுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சோம். அவரு சிரிச்சு நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. அதுவரைக்கும் நான் வண்டியும் ஓட்டினதில்ல சார், ஆள ஏத்தி இறக்கினேன், அவ்வளவுதான்.

மறுநாள்லேருந்து ஒத்தக் கதவு இருக்கற பக்கத்த எல்லாரும் பாக்கற மாதிரி நிறுத்த ஆரம்பிச்சேன். நாலாவது கதவு எங்கடான்னு எவனாவது கேட்டா, அது தேவைப்படறவன் நாலு கதவு வண்டியில போகட்டும்னு சொல்லிட்டேன்.

ஆங், லைசென்ஸ். அங்கதான் வர்றேன். திடீர்னு ஒருநாள் டாக்டர் ஓட்டக் கத்துக்கணும்னுட்டாரு. இந்த வயசுல! அவரோட ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தங்க நல்லா ஓட்டுவாங்க, அவங்கதான் முன்னாடி உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கி இங்க ஓட்டிட்டு வந்ததும் அவங்கதான், டீ குடிக்கப் போயிருக்காங்க. நான் பின் சீட்டுல. இப்ப ணங்குன்னு இடிச்சுக்கறது என் முறை. டாக்டர் முன்னாடிலேருந்து பரவால்லயாய்யான்னு கேப்பாரு, நான் பரவால்லீங்கன்னு சொல்லுவேன்.

முதல் தடவ டெஸ்டுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. நிறுத்தினாரு. நல்லதுதான். அது அங்கயே படுத்துடுச்சு. ஹாரன் அடிச்சா அது பயந்துடும்னு அது எழுந்திருக்கற வரைக்கும் காத்துட்டிருந்தாரு. நாய் எழுந்திருக்கல, இன்ஸ்பெக்டர் எழுந்து போயிட்டாரு. ரெண்டாவது தடவ எல்லாம் அருமையா முடிச்சிட்டாரு சார், ரிவர்ஸ் மட்டும்தான் பாக்கி. திரும்பினவரு இன்ஸ்பெக்டரோட கண்ணப் பாத்துட்டாரு. உங்களுக்குப் புரை ஆரம்பிச்சிருக்கு, நாளைக்கி வந்து காட்டுங்கன்னு சொல்லிட்டே கம்பத்துல ஏத்திட்டாரு. அந்த இன்ஸ்பெக்டர் மறுநாளே வந்தாரு. புரைதான்! கண்ணு சரியாயிடுச்சு, லைசென்ஸ் மட்டும் வரல. அதனால உங்க கால்ல விழாத குறையா கேக்கறேன், தயவுசெஞ்சு அவர நேருக்கு நேரா பாக்காதீங்க.

என்ன கேட்டீங்க? நான் ஏன் சொல்லிக் குடுக்கல, நான் ஏன் ஓட்டிட்டு வரலைன்னா…

அது ஒண்ணுமில்ல சார். அவரு பக்கத்துல உக்காந்து வந்த ஒருநாள், சந்துலேருந்து ஒரு சைக்கிள் வந்துச்சு. அவரு அந்த இல்லாத பிரேக்க மிதிச்சு ஐயோன்னு கத்தினாரு. நான் எதுக்குக் கத்தறாருன்னு முழிக்கறேன். சைக்கிள்காரரு தானா ஒதுங்கிட்டாரு, பொழச்சோம். டாக்டர் வண்டிய ஓரமா நிறுத்தச் சொன்னாரு. நேரா பாருய்யான்னு சொல்லிட்டு, தெரியுதான்னு கேட்டாரு. என்ன தெரியுதான்னு நான் திருப்பிக் கேட்டேன். அவரு என் காதுக்குப் பக்கத்துல பேனாவ ஆட்டிட்டிருந்திருக்காரு.

ஓரப்பார்வை போயிடுச்சாம் சார். ரெண்டு பக்கமும் திரைய இழுத்து விட்ட மாதிரி. கண்ணுக்குள்ள அழுத்தமாம், வலியே தெரியாதாம். போனது திரும்பாது, இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம்னாரு. நேரா உங்க முகம் நல்லாத் தெரியுது, கவலப்படாதீங்க. பக்கத்துல வந்து நின்னீங்களே, அதுதான் தெரியல.

சாவிய அப்பவே வாங்கிட்டாரு. அழுதேன், இல்லைன்னு சொல்லல. அப்ப அவரு சொன்னாரு, ஊரு கண்ணெல்லாம் பாத்தேன், உன் கண்ண இத்தன வருஷமா கண்ணாடியிலயே பாத்துட்டிருந்துட்டேன்யான்னு. கறுப்பு வண்டியோட அந்தக் கட்டில் சீட்டுலயே உக்காந்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது. என்னிக்கோ யாரையோ இடிச்சிருப்பேன். வேற டிரைவர் வெச்சுக்கோங்க ஐயான்னேன். வேண்டாம், வெச்சா அவன் பக்கத்துல நான் உக்காரணும், உனக்கு எங்க இடம், நானே ஓட்டக் கத்துக்கறேன்னாரு. அவ்வளவுதான் சார் விஷயம்.

அதோ வர்றாரு, கை சொட்டச் சொட்ட. சிபாரிசெல்லாம் கேக்கல சார். பாவம்னு பாத்துப் பாஸ் போட்டுடாதீங்க. சரியா ஓட்டினா மட்டும் போடுங்க. நாளைலேருந்து பக்கத்துல உக்காரப் போறது நான்தான்.

நான் டீக்கடைப் பக்கம் போயிடறேன். இங்க நின்னா அவரு ரோட்டப் பாக்காம என்னைத்தான் பாப்பாரு. வரட்டுமா?

சார், சார்! அங்க எதத் தடவறீங்க? அந்தப் பக்கம் பின் கதவு இல்ல சார். சுத்திப் போயி முன்னாடி உக்காருங்க. அங்க உக்காந்தாத்தான் எல்லாம் தெரியும்.