முதல் விடை

— ஊர் உலகத்துல எவன் வேணா முதுகுல குத்தலாம்டி. கூடப்பிறந்தவ குத்தினா, அந்தக் காயத்துக்கு மருத்துவத்துலயே மருந்து கிடையாது. இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவ சொல்றேன், எழுதி வச்சுக்கோ.

— எழுதிக்கறேன். முதல்ல உக்காருக்கா. அதுல இல்ல, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்.

— தெரியும்! மூணு மாசம் அதுல ஆடிக்கிட்டேதானே உனக்குப் பாடம் சொன்னேன்? இதே ரூம், இதே கம்ப்யூட்டர். நான் சொல்லச் சொல்ல நீ தட்டினே. "கை கழுவும் முறை, பதினோரு பாடம்." யார் சொன்ன பாடம்?

— நீ சொன்னதுதான்.

— வீடியோல வர்ற கை யாரோடது?

— உன்னோடதுதான். வளையலைக் கழட்டிட்டுக் கழுவுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல.

— பேச்சை மாத்தாதே. காலையில மீட்டிங்ல டைரக்டரம்மா பெரிய திரையில பாடத்தைத் திறக்கறாங்க. நான் முன்வரிசையில, நாலு பக்க நன்றியுரையோட. திரையில என்ன வருது? "உருவாக்கியவர்"னு போட்டு, பல்லெல்லாம் தெரிய உன் மூஞ்சி! "இனிமே ஆன்லைன் பயிற்சிக்கு இவங்கதான் தலைமை"ங்கறாங்க. நீயும் எழுந்து தலையாட்டுறே!

— முதல் நாளே உன் பேர்ல கணக்குத் திறக்கலாம்னு சொன்னேனாக்கா, இல்லையா? "கண்ட மெஷினுக்கும் போன் நம்பர் கொடுக்க நான் என்ன இளிச்சவாயா"ன்னே. சரின்னு என் பேர்ல உள்ள போனோம். யார் பேர்ல உள்ள போறோமோ, அவங்கதான் உருவாக்கியவர்னு அது எடுத்துக்கும்.

— அது எடுத்துக்கும். நீ ஏன்டி எடுத்துக்கிட்டே? மூணு மாசமா உன் பேர் மேல நின்னுச்சே, கண்ணுல படலையா?

— பட்டுச்சு.

— பட்டும்?

— பார்க்க நல்லா இருந்துச்சுக்கா. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்லேருந்து நான் "பெரிய சிஸ்டரோட தங்கச்சி"தான். ஒரு இடத்துலயாவது என் பேர் தனியா நிக்குதேன்னு... நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு...

— உன் பிஞ்சுக் கையைப் பிடிச்சு சோப்பு போட்டுக் கழுவி விட்டவளே நான்தான்டி.

— கடிதம் எழுதிட்டேன்க்கா. மீட்டிங் முடிஞ்ச கையோட எழுதிட்டேன். பாடம் முழுக்க அக்காவோடது, பதவியும் அவங்களுக்கே போகணும்னு. இதோ, பையில இருக்கு.

— பையில வச்சு அடைகாக்கறியா? உன் கடிதம் யாருக்கு வேணும்? நான் நேரா டைரக்டரம்மாகிட்டயே போயிட்டேன். "உங்க பாடம்னா அதுல இருக்கற பரீட்சையை எழுதுங்க. பத்துக்குப் பத்து வாங்கினா பதவி உங்களுக்கு"ன்னுட்டாங்க.

— பரீட்சை எழுதக் கணக்கு வேணுமே?

— திறந்தேன். போன் நம்பர், பொறந்த தேதி, எல்லாத்தையும் கொட்டினேன். மானமே போனப்புறம் நம்பர் எதுக்கு? பத்துக் கேள்வி, நாப்பது செகண்ட்! டைரக்டரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்கன்னா பாரு.

— நாப்பது செகண்ட்ல கேள்வியைப் படிக்கவே முடியாதேக்கா.

— படிச்சாத்தானே! நான் போட்ட கேள்வியை நானே படிக்கணுமா? ஒவ்வொண்ணுக்கும் சரியான விடையை முதல்ல சொல்லித்தானே உன்னைத் தட்டச் சொன்னேன்? முதல் விடை, முதல் விடைன்னு அழுத்திக்கிட்டே போனேன். வெந்நீர் வைக்கற நேரம்கூட ஆகல.

— அய்யோ.

— என்ன அய்யோ?

— ரெண்டாவது வாரம் ஒரு பொத்தானைக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டியே. விடைகளை ஆளுக்கு ஒரு வரிசையில கலைச்சுக் காட்டும்னு சொன்னேன். "பக்கத்துல எட்டிப் பார்த்து எழுதற கழுதைங்களுக்கு இதான்டி மருந்து"ன்னு குதிச்சியே.

— நீ... அதைப் போட்டியா?

— நீயே அழுத்தினே. என்னை அழுத்த விடலை.

— சரி. அந்தக் கடிதத்தைக் கொடு. நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்.

— இனிமே கொடுத்தா, அக்கா மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நினைப்பாங்க.

— இரு. மீட்டிங் முடிஞ்சது பத்து மணிக்கு. நான் பரீட்சை எழுதினது பன்னெண்டுக்கு. நடுவுல ரெண்டு மணி நேரம் அந்தக் கடிதம் பையில என்னடி பண்ணுச்சு?

— கிடந்துச்சு.

— பாவி. மார்க்கு எப்ப தெரியும்?

— தெரிஞ்சாச்சுக்கா. பரீட்சை முடிஞ்சதும் பயிற்சிக்கு வர்ற எல்லாருக்கும் அதுவே பட்டியலை அனுப்பிடும். நூத்திப் பதினாலு பேருக்கும் போயிருக்கு. நீ உள்ள நுழையறப்பதான் எனக்கும் வந்துச்சு.

— எவ்வளவு?

— பத்துக்கு மூணு.