ஒத்த விசிலா, ரெட்ட விசிலா?

ஜெயராம்: …நேத்து கார் ரேசுல சின்னவன் வண்டி நாலு சக்கரமும் வெளிய போச்சா இல்லயாவே? அத மட்டும் சொல்லும்.

யாசர்: போச்சு. ஆனா…

ஜெயராம்: ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது. வெள்ளக் கோட்டத் தாண்டி வெளிய போனான். அங்கன வச்சே முந்துனான். முந்துன எடத்தத் திருப்பிக் குடுத்தானா? குடுக்கல. பத்து செகண்டு பெனால்ட்டி போட்டாவ. சரியாப் போட்டாவ.

யாசர்: தள்ளிவிட்டவரப் பத்தி ஏன்வே வாயே தொறக்க மாட்டேங்கீரு? அந்தப் பெரியவரு உள்பக்கத்துலருந்து பைய… பைய நகண்டு வந்து, சின்னவனுக்கு ஒரு வண்டி அகலம் கூட விடல. அவன் எங்கன போவான்? செவுத்துலயா போயி முட்டுவான்?

ஜெயராம்: பிரேக்குன்னு ஒண்ணு இருக்குல்லா வண்டில?

யாசர்: முந்துத நேரத்துல பிரேக்கப் போடுதவன் ரேசுக்கு எதுக்கு வாரான்? உம்ம பேங்குல வந்து டோக்கன் எடுத்துட்டு ஒக்காரச் சொல்லும்.

ஜெயராம்: பேங்க இழுக்காதேயும், பாய்.

யாசர்: பெறவு என்ன ஐயரே? சின்னவனுக்கு மொத ஜெயிப்புவே அது! கோப்பையத் தூக்கி முத்தம் குடுத்தான். அவனப் பெத்தவ கீழ நின்னு அழுதா. எல்லாம் முடிஞ்சு, குளிச்சு உடுப்பு மாத்துன பெறவு, ‘தம்பி, அதக் கொஞ்சம் இங்கன கொண்டா’ன்னு பிடுங்குனா… அது என்ன நியாயம்?

ஜெயராம்: அழுகைக்கெல்லாம் ரூல்ல எடம் கிடையாது.

யாசர்: கல்லுவே நீரு. கல்லிடக்குறிச்சிக் கல்லு.

ஜெயராம்: நீரு அவன் பச்ச வண்டி ஸ்டிக்கர இந்தக் கடைல வச்சு விக்கீருல்லா. பேசத்தான் செய்வீரு. சரி, என் ஓட்டு ஒத்த விசிலு. தப்பு தப்புதான், வண்டி நிக்கட்டும்.

யாசர்: என் ஓட்டு ரெட்ட விசிலு. தப்பு இல்ல, வண்டி போலாம்.

ஜெயராம்: அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு.

யாசர்: ஒண்ணுக்கு ஒண்ணு.

ஜெயராம்: போன ரேசுக்கும் இப்பிடித்தான் நின்னுச்சு.

யாசர்: அதுக்கு முந்துனதுக்கும்.

ஜெயராம்: ம்.

யாசர்: நம்ம பேஜ்ல கேக்க ஆரம்பிச்சுட்டாவ வே. ‘மூணு நாட்டாமைன்னு பேரு வச்சுக்கிட்டு ரெண்டு நாட்டாமைதான் கத்துதீங்க, தீர்ப்பு எங்க’ன்னு. இன்னைக்காவது போட்டாவணும். படிக்கட்டா?

ஜெயராம்: வேண்டாம்.

யாசர்: தூத்துக்குடிக்காரரு ஒருத்தரு… ‘உங்க சண்ட கெடக்கட்டும். கண்டக்டர் அண்ணாச்சி விசிலு என்ன சொல்லுது?’

ஜெயராம்: வேண்டாம்னேன்.

யாசர்: கங்கைகொண்டான்ல கம்பெனி வேலைல இருக்காராம், அவரு… ‘தேவேந்திரன் அண்ணாச்சி இன்னும் டூட்டி முடிச்சு வரலயா? எந்த ரூட்டுய்யா அது, இம்புட்டு நீளம்?’ சிரிக்க மாதிரி பொம்ம போட்டிருக்காரு.

ஜெயராம்: படிக்காதன்னு சொன்னேம்லாலே! …மன்னிச்சுக்கிடும்.

யாசர்: விடும். …‘டூட்டில இருக்காரு’ன்னு எழுதுனது நாமதான? அவுக கேக்கத்தான் செய்வாவ.

ஜெயராம்: அன்னைக்கு வேற என்னவே எழுதியிருக்க முடியும்?

யாசர்: அவன் இருந்தா இந்நேரம் சோலி முடிஞ்சிருக்கும். நம்ம போன வாங்கி, ரேசு வீடியோவுல வண்டிக் கலரு தெரியாம பெருவெரல வச்சு மறச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்பான். ‘யாருன்னு எங்கிட்டச் சொல்லாத. எந்தச் சக்கரம்னு மட்டும் சொல்லு’ம்பான்.

ஜெயராம்: ஒரு மட்டம் அவன் ஆளுக்கே ஒத்த விசில ஊதிட்டாம்லா. வெரல எடுத்த பெறவுதான் பாக்கான், அது அவனோட செவப்பு வண்டி!

யாசர்: மூஞ்சியப் பாக்கணுமே! ‘சவத்த… ஊதுனது ஊதுனதுதான்’னு சொல்லிட்டு, அந்த ஓரமாப் போயி திரும்பி ஒக்காந்துக்கிட்டான். டீ கூடக் குடிக்கல.

ஜெயராம்: வாழக்கா பஜ்ஜி மட்டும் தின்னான்.

யாசர்: அது எப்பவும் திம்பான்.

முஃபீதா: என்ன, சத்தம் நம்ம வீட்டு மாடி வர கேக்கு? சீட் கவரு வாங்க வந்த ஆளு வாசல்லயே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போறாரு. வாங்கண்ணே. டீ எடுத்துக்கிடுங்க.

ஜெயராம்: வாம்மா. நல்லா இருக்கியா?

முஃபீதா: இருக்கேண்ணே. …இவுகளுக்கு சீனி கம்மி. அந்த கிளாசு உங்களுக்கு.

யாசர்: மூணாவது கிளாசு யாருக்கு?

முஃபீதா: …கை பழக்கம். ஊத்திட்டேன்.

ஜெயராம்: இருக்கட்டும். அங்கன வையி.

முஃபீதா: காலைல தேவேந்திரன் அண்ணன் வீட்டுக்கு, கோமதியக்காவப் பாக்கப் போயிருந்தேன்.

யாசர்: எதுக்கு? எங்கிட்டச் சொல்லவே இல்ல.

முஃபீதா: சொன்னா நீங்களும் வருவீய. வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு அழுவீய. அந்தக்கா உங்களத் தேத்தணும். அதுக்குத்தான் சொல்லல.

ஜெயராம்: எப்பிடி இருக்காவ?

முஃபீதா: இருக்காங்க. சின்ன மவ போன்ல உங்க பேஜக் காமிச்சிருக்கா. ‘தேவேந்திரன் டூட்டில இருக்காரு, வந்ததும் தீர்ப்பு சொல்லுவாரு’ன்னு நீங்க எழுதிருக்கியளாம்.

யாசர்: யா அல்லா…

முஃபீதா: அந்தக்கா அழல. கோவப்படவும் இல்ல. எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. ‘அவுக டூட்டில இருக்காகன்னா, எந்த பஸ்ஸுன்னு கேட்டுச் சொல்லு முஃபீதா. நான் போயி ஏறிக்கிடுதேன்.’ …டீ ஆறுது.

ஜெயராம்: நாந்தாம்மா அத எழுதச் சொன்னேன். இவரு மேல தப்பு இல்ல.

யாசர்: எழுதுனது நான். சும்மா இரும்.

ஜெயராம்: அவனச் சுடுகாட்டுல விட்டுட்டு வந்த வாரம் அது. ரேசு முடிஞ்சதும் மொத கேள்வியே அண்ணாச்சி விசிலு எங்கன்னுதான். ‘எறந்துட்டாரு’ன்னு அடிச்சேன். அழிச்சேன். ‘காலமானார்’னு அடிச்சேன். அது யாரோ பெரிய மனுசனச் சொல்லுத மாதிரி இருந்துச்சு, அதயும் அழிச்சேன். கடைசில… ‘டூட்டில இருக்காருன்னு போடும், நாளைக்குச் சொல்லிக்கிடலாம்’னு இவருகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு…

முஃபீதா: ஒரு மௌத்த, ஒரு சாவ மறைக்கலாமாண்ணே? மறச்சா அவுகளுக்காக துஆ கேக்க வேண்டிய ஆளெல்லாம் சிரிக்க பொம்மயில்லா போடும்.

ஜெயராம்: வாஸ்தவம்தாம்மா.

யாசர்: இவரு அன்னைக்கு அவன் உசிரு போன பஸ்லயே இருந்தாரு, முஃபீதா. அத யோசிக்கணும்லா.

முஃபீதா: அண்ணனா?

ஜெயராம்: …தெனமும் அந்த பஸ்தான எனக்கு. அவன் பழக்கமானதே அதுலதான. போன்ல ரேசு பாத்துக்கிட்டு வந்தேன், டிக்கெட்டுக் கிழிக்க வந்தவன் அப்பிடியே குனிஞ்சு நின்னுட்டான். ‘உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க’ன்னு வாய் கூட்டத்தப் பாத்துச் சொல்லுது, கண்ணு ஏம் போனுக்குள்ள கெடக்கு.

முஃபீதா: அன்னைக்கும் நீங்க…

ஜெயராம்: மூணாவது சீட்டு. பத்தமட தாண்டி, வாய்க்கா பாலத்துக்கிட்ட ஒத்த விசிலு. அங்கன ஸ்டாப்பே கிடையாது. டிரைவரு நிப்பாட்டிட்டு, ‘யாருய்யா எறங்குதது?’ன்னு திரும்பிப் பாக்காரு. யாரும் எந்திக்கல. நானும் யாரோ எறங்கப் போறாவன்னுதான் இருந்தேன். பாத்தா இவன் படில ஒக்காந்திருக்கான். டிக்கெட்டுப் பைய நெஞ்சோட அணச்சுப் பிடிச்சுக்கிட்டு… அவனுக்கு அவனே ஊதிருக்கான்மா. எல்லாரயும் நிப்பாட்டி எறக்கிவிட்டவன், அவன் எறங்குததுக்கும் அவனே ஊதிக்கிட்டான்.

முஃபீதா: அழாதீங்கண்ணே.

யாசர்: லே… ஜெயராமா… அழாதலே.

ஜெயராம்: இந்தப் பேஜ இழுத்து மூடிருவோம் வே. ரெண்டு நாட்டாமைய வச்சு என்ன செய்ய? எல்லாத்துக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ஒண்ணு… தீராத வழக்கா சேந்துக்கிட்டே போவுது.

யாசர்: மூடிட்டா அவன் போனது முழுசாப் போனதுதான்.

ஜெயராம்: போயிட்டாம்லா!

யாசர்: தெரியும்! அதுக்காக நாம்பளும் வண்டிய ஷெட்டுல விடணுமா? நீரு நேத்து ஒத்த விசிலுன்னு சொன்ன ஒடனே நான் பிடிச்ச பிடியா ரெட்ட விசிலுன்னு நிக்கேம்லா… அந்தச் சண்ட இருக்குததுனாலதான் நீரு இங்கன வாரீரு. இல்லன்னா வருவீரா?

முஃபீதா: பிடிச்ச பிடியா நின்னியளோ? நேத்து டீவி முன்னால வேற மாதிரியில்லா பேசுனீய?

யாசர்: ஏ… நீ உள்ள போ.

முஃபீதா: ஏன் போவணும்? ‘நாலு சக்கரமும் வெளியலா போச்சு, கிறுக்குப் பய எடத்தத் திருப்பிக் குடுத்திருந்தா அடுத்த வளைவுலயே ஜெயிச்சிருப்பானே, இதுக்குப் பெனால்ட்டி போடாம மால போடுவாவளா’ன்னு தலைல அடிச்சிக்கிட்டது யாரு? நாந்தான பக்கத்துல இருந்தேன்?

ஜெயராம்: என்னவே இது? பாய், உம்ம ஓட்டு ஒத்த விசிலா?

யாசர்: …ஆமா.

ஜெயராம்: பெறவு எதுக்குவே என் தொண்டத் தண்ணி வத்த வச்சீரு இம்புட்டு நேரம்?

யாசர்: நீரு முந்திக்கிட்டு ஒத்த விசிலுன்னு போன் பண்ணிட்டீரு. நானும் அதயே சொன்னா ரெண்டு ஓட்டு ஆயிரும். ரெண்டு ஓட்டு ஆயிட்டா தீர்ப்பு வந்துரும். அவன் ஓட்டு… தேவைப்படாதுல்லா. முந்துன ரெண்டு ரேசுக்கும் அப்பிடித்தான் செஞ்சேன். நீரு எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு மத்தப் பக்கம் நின்னேன். அவன் எடம் காலியா இருக்கட்டும், ஆனா தேவையில்லாம ஆயிரக் கூடாதுன்னு… திட்டணும்னா திட்டிரும்.

ஜெயராம்: திட்ட எனக்கு என்னவே யோக்கியத இருக்கு?

யாசர்: ஏன்?

ஜெயராம்: அந்தச் சின்னவன் எங்கனவே போவான்? செவுத்துலயா முட்டுவான்? அப்பட்டமாத் தள்ளிவிட்டாருவே அந்தப் பெரியவரு. கோப்பையப் பிடுங்குனத நெனச்சு நேத்து எனக்குச் சோறு எறங்கல.

யாசர்: அட… அப்ப உம்ம ஓட்டு?

ஜெயராம்: ரெட்ட விசிலு. நீரு அவன் ஸ்டிக்கரு விக்கிற ஆளு, அவன் பக்கந்தான் பேசுவீருன்னு நெனச்சேன். நீரு வாயத் தொறக்கதுக்குள்ள முந்திக்கிட்டு எதுத்தாப்புல போயி நின்னுட்டேன். ‘ஒத்த விசிலு’ன்னு சொல்லுத ஒவ்வொரு தடவயும் அந்த வாய்க்கா பாலம்தான் கண்ணு முன்னால வருது. அப்பிடியும் சொன்னேன்.

யாசர்: லே…

முஃபீதா: நல்ல நாட்டாமைங்க! பொய்ய வச்சு ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப உண்மையச் சொன்னா…

யாசர்: நான் ஒத்த விசிலு. இவரு ரெட்ட விசிலு.

ஜெயராம்: …இப்பவும் ஒண்ணுக்கு ஒண்ணு.

முஃபீதா: சிரிக்கீயளா, அழுவுதீயளா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. …இந்தாங்க. இதக் குடுக்கத்தான் எறங்கி வந்தேன். கோமதியக்கா குடுத்துவிட்டாங்க.

யாசர்: அவன் விசிலு.

ஜெயராம்: நீல நூலு… அதே பல்லுத் தடம்.

முஃபீதா: ‘வீட்டுல இருந்தா பிள்ளைங்க அத எடுத்து ஊதுதுங்க, எனக்குத் தாங்கல. அவுக ரெண்டு பேரும் சண்டையத் தீத்துக்கிடட்டும்’னு சொன்னாங்க.

யாசர்: நீரு ஊதும்.

ஜெயராம்: என்னால முடியாதுவே. நீரு ஊதும்.

யாசர்: எனக்கு மட்டும் முடியுமா? அதுல அவன் வாயி பட்டிருக்கு.

முஃபீதா: அப்ப யாருதான் ஊதுவா?

ஜெயராம்: …போன எடும் பாய். பேஜத் தொறயும். கேட்டுக்கிட்டே இருக்காவள்லா, அவுக சொல்லட்டும். நான் சொல்லச் சொல்ல அடியும். தப்பு வந்தாத் திருத்தாதேயும், அப்பிடியே போவட்டும்.

யாசர்: சொல்லும்.

ஜெயராம்: ‘நண்பர்களே. உங்ககிட்ட நாங்க ஒரு பொய் சொல்லிட்டோம். எங்க தேவேந்திரன் டூட்டில இல்ல. நீங்க கடைசியாக் கேட்ட விசிலுக்குப் பெறவு, ஓடுத பஸ்ஸ அவனே நிப்பாட்டி எறங்கிட்டான். எழுதக் கை வரல, அதான் மறச்சோம். அவன் சம்சாரம் கோமதி மைனிகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கோம். எங்க சண்டைல நாங்க சொன்ன ஓட்டும் பொய்யி. அவன் எடத்த விட்டுக் குடுக்க மனசில்லாம எதுத்து எதுத்து நின்னோம். இப்ப நெசத்தச் சொல்லுதோம். பாய் ஒத்த விசிலு, நான் ரெட்ட விசிலு. மூணாவது ஓட்ட நீங்கதான் போடணும். வண்டிக் கலரப் பெருவெரலால மறச்சுக்கிட்டுப் பாருங்க. யாருன்னு பாக்காதீங்க, எந்தச் சக்கரம்னு மட்டும் பாருங்க. அவன் அப்பிடித்தான் பாப்பான். பாத்துட்டு கீழ எழுதுங்க… ஒத்த விசிலா, ரெட்ட விசிலா?’