அபிசாயின் பெயரில் முப்பத்தேழு படுக்கைகள்

சுவா துறைமுகப் பகுதி காவல் நிலையம். டிசம்பர் 18, வியாழக்கிழமை, மாலை 3.20 மணி. இன்ஸ்பெக்டர் ரோஷ்னி லதா முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் செமிசி ராலுலு. வயது 34. தந்தை பெயர் பெனி ராலுலு. நசினு, நடேராவில் குடியிருக்கிறேன். தீவுகளுக்குக் கப்பல் விடும் கம்பெனி ஒன்றில், கணினிக் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. சொல்லப்போனால், காலையில் இருந்து சொல்கிறேன் என்று நான்தான் இவர்களைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த வழக்கில் கைதான அபிசாய் கோரொய் அதே கம்பெனியில் பயணிகள் உதவிப் பிரிவின் தலைவர். என் தாய்மாமன் மகன். எங்கள் வழக்கத்தில் மச்சானின் பொருளைக் கேட்காமல் எடுப்பது திருட்டாகாது. கேட்டு எடுத்தால்தான் கேவலம். அவருடைய குடை, செருப்பு, மதியச் சாப்பாட்டுச் சேப்பங்கிழங்கு எல்லாம் என் கைக்கு வந்திருக்கின்றன. சின்னக் கணக்கு எதையும் நான் நினைவில் வைப்பதில்லை. ஆனால் அவருடைய பயணிக் கணக்கு எண் 40721 எனக்கு மனப்பாடம். பல வருடமாக நான் ஊருக்குப் போன டிக்கெட்டுக் காசெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கம்பெனியில் பயணிகளிடம் எழுத்தில் பேசி டிக்கெட் போட்டுத் தர ஏஐ உதவியாளர் ஒன்று உள்ளது. கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்தப் பயணியின் பெயர், முகவரி, போன் நம்பரைக் காட்டும் கருவி ஒன்றை நவம்பர் மாதம் அதன் கையில் கொடுத்தார்கள். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று உதவியாளர் படித்துக்கொள்ளும் குறிப்பை நவம்பர் 11ஆம் தேதி எழுதியது நான். குறிப்பில் எடுத்துக்காட்டாக ஒரு எண் வைக்க வேண்டும். பொய் எண் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் 40721 என்று வைத்தேன். மச்சான் எண்தானே என்ற எண்ணம் தவிர வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கியது. கடந்த திங்கட்கிழமை கடாவு தீவுக்குப் போகும் கப்பலில் ஏற வந்த முப்பத்தேழு பேரை, டிக்கெட்டில் வேறு பெயர் இருப்பதாகச் சொல்லித் துறைமுகத்தில் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்தேழிலும் இருந்த ஒரே பெயர் அபிசாய் கோரொய். கப்பலின் படுக்கை இடங்களைத் தன் பெயரில் அமுக்கி வைத்து விற்கப் பார்த்தார் என்று மேலாளர் புகார் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அபிசாயைக் கைது செய்தார்கள். அன்றே அவருடைய தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்த வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பதினொரு வருடமாக அந்தக் குழுவை நடத்தியவர் அவர்.

அதன் பிறகு நேற்று மதியம் புகாரின் நகல் என் மேசைக்கு வந்தது. அதில் 40721 என்ற எண் இருந்தது. உடனே பயணிகளின் உரையாடல்களை எடுத்துப் படித்தேன். முப்பத்தேழு பேரும், கணக்கு எண் நினைவில்லை என்று சொன்னவர்கள். மனிதன் எடுத்துக்காட்டைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவான். இந்த உதவியாளரோ நான் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எண் இல்லாத இடத்தில் எல்லாம் அபிசாயின் எண்ணை நிரப்பியிருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு இங்கே வந்து இதைச் சொன்னேன். மச்சானுக்காகக் கதை கட்டுவதாக இன்ஸ்பெக்டர் நினைத்தார். அவருடைய போனிலிருந்தே அந்த உதவியாளரிடம் ஒரு டிக்கெட் கேட்டுப் பார்க்கும்படியும், கணக்கு எண்ணை மட்டும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கடாவுக்கு ஒரு படுக்கை கேட்டார். "நன்றி, அபிசாய் கோரொய். உங்கள் படுக்கை உறுதியானது" என்று பதில் வந்தது.

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தார், லாக்கப்பைப் பார்த்தார். "ஆளு உள்ள இருக்கான். அவன் போனும் என் டிராயர்லதான் இருக்கு. என்னையே அபிசாய்ங்குது பாரு" என்றார். நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு, அவர் முன்னிலையிலேயே குறிப்பைத் திருத்தினேன். எடுத்துக்காட்டை நீக்கி, "கணக்கு எண்ணைப் பயணியே தர வேண்டும், தராவிட்டால் கேள், நீயாக எதையும் நிரப்பாதே" என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் மறுபடியும் டிக்கெட் கேட்டார். "உங்கள் கணக்கு எண்ணைச் சொல்ல முடியுமா?" என்று அது கேட்டது. ஆறு வருடத்தில் என் எழுத்துக்குக் கைதட்டல் கிடைத்தது இதுவே முதல் தடவை, அதுவும் போலீஸ் நிலையத்தில்.

மதியம் மேலாளர் வந்து, பதிவுகளைப் பார்த்துப் புகாரைத் திரும்பப் பெற்றார். முப்பத்தேழு பேருக்கும் அவரவர் பெயரிலேயே நாளைய கப்பலில் இடம் போட்டாகிவிட்டது. பாடகர் குழுவிலிருந்தும் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அபிசாயே நடத்த வேண்டுமாம். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சொன்னது: "ரெண்டு நாள் உள்ள வச்சிட்டியேடா மச்சான். போகுது, கேட்டுட்டு எடுத்திருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்."

தவறு முழுவதும் என்னுடையது. அதற்கு என்ன தண்டனை வந்தாலும், வேலையே போனாலும், ஏற்றுக்கொள்கிறேன். அவர் பெயரில் ஒரு சொட்டுக் கறை இருக்கக் கூடாது.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை. கையெழுத்திடும் இந்தப் பேனா அபிசாயின் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. கேட்கவில்லை.

(ஒப்பம்) செமிசி ராலுலு