கொக்கின் காலில் லாடம்

கொக்கின் வயிற்றைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார்கள். மற்றபடி எங்கள் மாவட்டச் சின்னத்தின் நிறங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அரசு வக்கீல் அம்மா.

போலந்தில் மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்த வருடம் எல்லோருக்கும் திடீரென்று ஒரு பழம்பெருமை தேவைப்பட்டது. உருளைக்கிழங்கைத் தவிர எதையும் கண்டிராத பக்கத்து மாவட்டம் சிங்கத்தை வைத்துக்கொண்டது. எங்களுக்கு நான் கொக்கைக் கொடுத்தேன். ஒற்றைக்காலில் நிற்கும், தூக்கிய காலில் ஒரு கல். கண்ணயர்ந்தால் கல் நழுவும், கொக்கு விழித்துக்கொள்ளும். காவலின் அடையாளம் அது. ஆதாரம், 1564-ஆம் வருடத்துப் பித்தளை முத்திரை. கண்டெடுத்தவன், இந்த ஊர் வரலாற்று வாத்தியாரான நான்.

மாவட்டத் தலைவன் செவெரின் என் பள்ளித் தோழன். வரைபடத்தை வார்சாவுக்கு அனுப்பும் வேலையை அவனை நம்பிக் கொடுத்தேன். ஒப்புதலாகி வந்தபோது கொக்கின் காலில் கல்லைக் காணோம். குதிரை லாடம் இருந்தது.

"என்னடா இது?"

"எங்க வம்சத்துச் சின்னம்டா லூட்விக். நாங்க பிரபுக் குடும்பமாம். போன மாசம்தான் தெரிஞ்சுது."

"உங்க தாத்தா பன்னிக்கறி வித்தாரேடா."

"பிரபுவா இருந்துக்கிட்டே வித்தாரு. கல்லைத் தூக்கிக்கிட்டு நின்னா கொக்கு கொத்தனார் வேலைக்கு வந்த மாதிரி இருக்கு. விடு வாத்தியாரே, மூஞ்சியத் தூக்காத."

பழைய முத்திரையிலேயே லாடம் இருந்ததாக ஒரு சான்றிதழும் போயிருந்தது. அடியில் என் கையெழுத்து. நான் போடாதது. என்னைவிட அழகாகவே போட்டிருந்தான். நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன் அல்லவா.

சின்னத்தின் திறப்பு விழா, மாவட்ட அலுவலகத்தில், நண்பகலில். வாசலுக்கு மேல் திரை போட்ட சின்னம். அதன் கீழே, எங்கள் வழக்கப்படி பிஷப்பை வரவேற்க, ரொட்டியும் உப்புமாகச் செவெரின். அவன் தலைக்கு நேர் மேலே, மாடி முகப்பில், ஆற்றிலிருந்து எடுத்த ஒன்பது கிலோ கல்லோடு நான். பேண்டு வாத்தியம் தொடங்கியதும் கையை விட்டேன். அவன் அங்கேயே இறந்தான். ரொட்டி உருண்டு பிஷப்பின் காலடிக்குப் போனது.

சுவரிலிருந்து பெயர்ந்த கல் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டடம் முழுக்கச் செங்கல். ஆவணத்தில் பிழை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் நானாக வந்தேன்.

கோபத்தில் செய்ததல்ல. வரலாற்றில் பொய் கலப்பவனை யாராவது நிறுத்த வேண்டும். அந்த 1564 முத்திரையை என் சமையலறை மேசையில் வைத்து நானே செதுக்கி முடிக்க மூன்று வாரம் ஆனது. கல்லை விட ஒரு நொடிதான்.